நாய்க்கும் ஓர் அறச்சாலை
கடல் கடந்து வந்த கருணையும் உள்ளூரார் கடமையும்



பஞ்ச சீலத்துள் முதலாவது, உயிர்க்கொலை தவிர்த்தல். இதனை நாம் ஒவ்வொரு வழிபாட்டிலும் வாயால் ஏற்கின்றோம். கையில் கல் எடாதவன் இந்தச் சீலத்தைக் காத்தவனே. எனினும் அடிபட்டுக் கிடக்கும் உயிருக்கு ஒரு கலம் நீர் வைத்தவன், அதனை வளர்த்தவன் ஆகின்றான். காத்தல் எளிது, வளர்த்தலே கடினம். அதற்குப் பொருளும் வேண்டும், ஆளும் வேண்டும், முறையும் வேண்டும். ஆதலின் இம்முறைப் பாடத்திற்கு, பிறந்த நாட்டை விட்டு வந்த ஒருவர் அயல்நாட்டுத் தெருநாய்களுக்காக அறநிலையம் நிறுவுவது எங்ஙனம், அது நிலைப்பது எதனால் என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம்.

“நம் குடியிருப்புகளில் மனிதர்க்கே மருத்துவம் எட்டவில்லை; நாய்க்கு அறநிலையம் எதற்கு?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை உரிய இடத்தில் கூறுவோம்.

1. அரசன் முன் நின்ற நாய்

ஜாதகக் கதைகளுள் 22ஆவது, குக்குர ஜாதகம் எனப்படும். குக்குரம் என்பது நாய். அக்கதையின் சாரம் வருமாறு:

காசி மன்னன் ஒரு நாள் தேரேறிச் சோலைக்குச் சென்று திரும்பினான். தேரின் தோல்வார்கள் அவிழ்க்கப்படாமல் முற்றத்திலேயே கிடந்தன. இரவு மழையில் அவை நனைந்து ஊறின. அரண்மனையில் வளர்ந்த உயர்சாதி நாய்கள் இறங்கி வந்து அவற்றைக் கடித்துத் தின்றுவிட்டன. ஏவலர், வெளிநாய்கள் சாக்கடை வழியே நுழைந்து தின்றன என்று மன்னனிடம் கூறினர். மன்னன் சினந்து, கண்ட இடத்தில் நாய்களைக் கொல்லுக என ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் ஆணை செல்லாது.

போதிசத்துவர் அப்பிறப்பில் சுடுகாட்டில் வாழ்ந்த நாய்க்கூட்டத்தின் தலைவராக இருந்தார். உயிர் தப்பி ஓடிவந்த நாய்கள் அவரிடம் முறையிட்டன. காவல் மிகுந்த அரண்மனைக்குள் வெளிநாய் புகுதல் இயலாது. ஆகவே இது உள்நாய்களின் செயலே எனத் தெளிந்த அவர், தனியே புறப்பட்டு மன்னன் அவைக்குச் சென்று, அவன் இருக்கையின் கீழிருந்து வெளிப்பட்டு வினவினார்: தோலைத் தின்ற நாய் எதுவென அறிவாயா? அறியேன் என்றான் மன்னன். குற்றவாளியை அறியாமல் எல்லாவற்றையும் கொல்வது நீதியாகுமா? எல்லா நாய்களும் கொல்லப்படுகின்றனவா, சில விடப்படுகின்றனவா? என் நாய்கள் விடப்படுகின்றன என்றான். அங்ஙனமாயின் இது நாய்களைக் கொல்லுதலன்று, எளிய நாய்களைக் கொல்லுதல். அரசனுடைய நீதி துலாக்கோல் போல் இருத்தல் வேண்டும் என்று போதிசத்துவர் உரைத்தார். பின்பு மோரும் புல்லும் கலந்து அரண்மனை நாய்களுக்கு ஊட்டச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. மன்னன் நாணினான், ஐந்து சீலங்களையும் ஏற்றான், நாய்களுக்கெல்லாம் நாள்தோறும் உணவு கிடைக்குமாறு செய்தான்.

இக்கதையை நாய்க்கு இரங்கும் கதை என்று மட்டும் படித்தால் அதன் பாதிப் பொருளே கிட்டும். குற்றம் ஓரிடத்தில், தண்டனை மற்றோரிடத்தில். வளமனைக்கு ஒரு சட்டம், தெருவுக்கு மற்றொரு சட்டம். ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட நம் முன்னோர் இந்த வழக்கை நன்கு அறிவர். நாய் என்னும் சொல்லையே வசையாகக் கேட்டு வளர்ந்த நாம், அந்த நாயின் வழக்கைக் கேட்கும்போது செவியை மூடிக்கொள்ளலாகாது.

2. அயல்நாட்டில் அறச்சாலை அமைத்த முதல்வர்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி தமது 2ஆம் பாறைக் கட்டளையில் ஓர் அரிய செய்தியைப் பொறித்துள்ளார். மனிதர்க்கு மருத்துவம், விலங்குக்கு மருத்துவம் என இருவகை மருத்துவத்தையும் தம் நாடு முழுவதும் ஏற்படுத்தியதோடு, எல்லைக்கு அப்பாலும் ஏற்படுத்தினார் என்பதே அது. மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகையைக் கொணர்ந்து நட்டதும், வழிகளில் கிணறு தோண்டியதும், மரம் வைத்ததும் அங்கேயே கூறப்படுகின்றன. எல்லைக்கு அப்பாற்பட்டோர் யாவர்? சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணியாகிய இலங்கையார், யவன மன்னன் அந்தியோகன் ஆகியோர்.

அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். அயல்நாட்டு விலங்குகளுக்கு மருத்துவம் செய்வித்ததாகக் கூறும் இத்தொன்மையான கல்லெழுத்தில், அந்த அயல்நாடாக முதலில் நிற்பது நம் தமிழ்நாடு. கொடுத்தவர் வடநாட்டார், பெற்றவர் நாம். இக்கட்டளைகள் பொறித்த பாறைகளுள் ஒன்று இராயலசீமையிலேயே, கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியில் இன்றும் உள்ளது. சித்தூராரும் திருப்பதியாரும் சென்று காணத்தக்க தொலைவுதான்.

3. கடல் கடந்து வந்த ஒரு மாது

இனி நம் காலத்திற்கு வருவோம். கிரிஸ்டல் ராஜர்ஸ் என்பவர் 1906ஆம் ஆண்டு பிறந்த ஆங்கில மாது. 1959இல் நியூசிலாந்து செல்லும் வழியில் இந்தியாவில் தங்கியபோது, சாகும் நிலையில் கிடந்த ஒரு குதிரையைக் கண்டார். உயிர் போகுமுன்னரே காக்கைகள் அதன் கண்களைக் கொத்தியிருந்தன. மக்கள் கடந்து சென்றவண்ணம் இருந்தனர். அவ்வம்மையார் பயணத்தை அத்துடன் நிறுத்தினார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் இந்நாட்டிலேயே கழித்தார்.

அவ்வாண்டே தில்லியில் விலங்குகளுக்கென ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். 1980இல் ஜெய்ப்பூரில் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ என்னும் நிலையத்தை நிறுவினார். முதுமை வந்தபின் தெற்கே பெங்களூருக்கு வந்து, 1991இல் ‘கியூப்பா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிலையத்திற்கு வித்திட்டார். அப்போது அவருக்கு வயது 85. 1996இல் மறைந்தார். ஜெய்ப்பூர் நிலையமும் பெங்களூர் நிலையமும் அவருக்குப் பின்னும் நின்று தொண்டாற்றி வருகின்றன.

நிறுவியவர் போனபின் நிறுவனம் நிற்பதே இங்கு நாம் ஆராய வேண்டியது. அவர் ஓர் ஊரில் வேரூன்றியதை அவ்வூராரிடம் விட்டுவிட்டு, அடுத்த ஊருக்கு வெறுங்கையோடு சென்றார். மருத்துவர், நாய் பிடிக்கும் ஆள், புண் கழுவும் பணியாள், கணக்கெழுதுவோர் என இந்நாட்டார் பலர் அதனைத் தம்முடையதாக ஏற்றதனால் அது நிலைத்தது.

பௌத்தர் கருதத்தக்க மற்றொரு சான்று புத்தகயையில் உண்டு. இத்தாலி நாட்டுப் பௌத்த மாதாகிய அட்ரியானா ஃபெராந்தி என்பவர், பகவன் போதி பெற்ற அத்தலத்தில் ‘மைத்ரி’ என்னும் அறநிலையத்தை நிறுவினார். அது தொழுநோயாளருக்கு மருத்துவம் செய்கின்றது. தெருநாய்களுக்கும் மருத்துவம் செய்கின்றது. மனிதனா, நாயா என்று ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளும் வழக்கு அங்கு எழவில்லை.

நமக்கு அருகேயும் இம்முறை புதிதன்று. வேலூர் மருத்துவமனையை 1900இல் ஒரே படுக்கையுடன் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவ மாது ஐடா ஸ்கடர். முன்னாள் சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915இல் திறக்கப்பெற்ற காசநோய் மருத்துவமனையை வளர்த்தவர் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஃபிரிமோட் மோலர். வெளியார் தொடங்கினர், உள்ளூரார் தாங்கினர், ஆதலின் நின்றன. மனிதர்க்கு நாம் கண்ட இந்த உண்மையே நாய்க்கும் பொருந்தும்.

4. சென்னைப் பட்டணம் கற்ற பாடம்

சென்னையில் 1959ஆம் ஆண்டு வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டிற்குக் கொணர்ந்தார், விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம். அச்செயலிலிருந்து பிறந்ததே புளூ கிராஸ் சங்கம். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும், மகன் சின்னி கிருஷ்ணாவும் அதனை வளர்த்தனர்.

அக்காலத்தில் நகராட்சிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றே: நாய் வண்டி வரும், சுருக்கு வீசுவர், கொல்லுவர். சென்னையில் இவ்வழக்கம் 1860இல் தொடங்கியது என்றும், 1995 அளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 நாய்கள் கொல்லப்பட்டன என்றும் புளூ கிராஸார் கூறுவர். 1970களின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட நாய்களின் தொகை பெருகியதனால், அத்தோலைக் கொண்டு கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்யும் வழியை அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்தது என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். காசி மன்னன் தோலுக்காக நாயைக் கொன்றான். இங்கே கொன்ற நாயே தோலாயிற்று.

நூறாண்டுகளுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறைந்தனவா? குறையவில்லை. காரணம் எளிது. எச்சில் இலையும் இறைச்சிக் கழிவும் இருக்கும் வரை, ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அடுத்த தெருவின் நாய்கள் அங்கு வந்து குட்டி ஈனும். மேலும் கொல்லப்படுவனவற்றுள் தடுப்பூசி போடப்பட்டவையும் இருந்தால், நோயைத் தடுக்கும் அரணே இடிந்துபோகும்.

ஆகவே புளூ கிராஸார் 1964 முதல் வேறு வழியை வற்புறுத்தினர். நாயைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, புண் ஆறியபின் பிடித்த இடத்திலேயே விடுவது அவ்வழி. அடையாளமாகக் காதில் ஒரு சிறு வெட்டு இடப்படும். 1996இல் சென்னை மாநகராட்சி இதனை ஏற்றது. 2001இல் மத்திய அரசு இதனை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

ஜெய்ப்பூரில் ராஜர்ஸ் அம்மையாரின் நிலையம் இதனைக் கணக்குடன் செய்து காட்டியது. 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை அங்கு 24,986 நாய்களுக்கு அறுவையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன. பெண்நாய்களுள் 65 விழுக்காடு இதில் அடங்கின. அப்பகுதியில் நாய்த்தொகை 28 விழுக்காடு குறைந்தது. மனிதர்க்கு வரும் வெறிநோயும் அப்பகுதியில் இல்லாதொழிந்தது.

5. நாயின் நோய் ஏழையின் நோய்

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை கூறுவோம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் வெறிநோயால் இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்நோய் நாய்க்கடியால் வந்தது. இறப்போருள் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது.

காரில் செல்வோரை நாய் கடிப்பதில்லை. விடியுமுன் குப்பை வாருபவர், பால் போடுபவர், தெருவில் ஆடும் பிள்ளை, திண்ணையில் உறங்கும் முதியவர் இவர்களே கடிபடுகின்றனர். நாம் நூற்பாலையில் உழைத்த ஆண்டுகளில், இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளரை நாய்கள் துரத்துவது வழக்கம். கடிபட்டவருள் சிலர் மிளகாய்ப் பொடியையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கே வந்துவிடுவர். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதே அச்சம். அவர்கள் எல்லாம் பிழைத்தது நற்பேறு. அதனை வழியெனக் கொள்ளலாகாது.

ஆகவே ஒவ்வொருவரும் இதனை மனத்திற் கொள்க. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் இடலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் முடித்தல் வேண்டும். ஆழ்ந்த கடியாயின் புண்ணைச் சுற்றிப் போடும் ஊசியும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுக. இத்தடுப்பு மருந்து செய்ய 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைந்ததும் ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் கொடையினால்தான் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

கடிபட்ட மனிதனுக்கு ஊசி போடுவது ஓர் உயிரைக் காக்கும். ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு 70க்கு ஊசி போடப்பட்டால், நோய் பரவும் சங்கிலியே அறும். 40 நாய்கள் உள்ள ஒரு குடியிருப்பில் 28 நாய்களுக்கு ஊசி போட்டால் போதும். நாய்க்கு அறநிலையம் எதற்கு என்றால், நம் பிள்ளைக்காகவும் என்பதே விடை.

6. நிறுவும் முறை

கருணை உள்ளவர் கடலுக்கு அப்பால் இருந்தாலும், பக்கத்துத் தெருவில் இருந்தாலும், நிறுவும் முறை ஒன்றே.

முதலாவது, ஆட்கள். ஆந்திரப் பிரதேசச் சங்கப் பதிவுச் சட்டம், 2001இன்படி 7 பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். இவர்களுள் ஒருவரேனும் நாள்தோறும் நாய்களைக் காண்பவராக இருத்தல் நன்று.

இரண்டாவது, அரசின் ஏற்பு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962இல் இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். கருத்தடைத் தொண்டு செய்ய விரும்பும் எந்த நிலையமும் இவ்வாரியத்தின் சான்று பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, பொருள். அயல்நாட்டிலிருந்து வரும் கொடையைக் கண்டவாறு பெறலாகாது. 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுக் கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இதனை ஆள்கின்றது. பதிவுக்குப் பொதுவாக 3 ஆண்டுத் தொண்டு காட்டப்படல் வேண்டும். 2020இல் செய்த திருத்தத்தின்படி, கொடை புதுதில்லி ஸ்டேட் வங்கித் தலைமைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேரும். ஒரு நிலையம் பெற்றதை மற்றொரு நிலையத்திற்கு மாற்றலும் ஆகாது. ஆதலின் முதல் 3 ஆண்டுகளை உள்ளூர்ப் பொருளாலேயே நடத்தும் உறுதி இல்லாதவர், அயல்நாட்டுப் பணத்தை நம்பித் தொடங்குதல் கூடாது.

நான்காவது, இடமும் மருத்துவரும். அறுவைக்குத் தூய அறையும், புண் ஆறும்வரை வைத்திருக்கக் கூண்டுகளும், பயின்ற மருத்துவரும் வேண்டும். அன்பு மிகுந்தவர் சோறு மட்டும் போட்டு அறுவையை மறந்தால் குட்டிகள் பெருகும். அயலார் வெறுப்பும் பெருகும். அவ்வெறுப்பின் பலன் நஞ்சாக நாய்க்கே வந்து சேரும்.

ஐந்தாவது, அயலாரின் உடன்பாடு. உணவிடும் இடம் பள்ளி வாயிலிலிருந்தும் பிள்ளைகள் ஆடுமிடத்திலிருந்தும் விலகியிருத்தல் வேண்டும். 2025 ஆகஸ்ட் 11இல் உச்சநீதிமன்றம் தில்லி நகரத் தெருநாய்களைக் காப்பிடங்களில் அடைக்குமாறு ஆணையிட்டது. ஆகஸ்ட் 22இல் அதனைத் திருத்தி, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றை ஊசியிட்டுப் பழைய இடத்திலேயே விடுமாறு கூறியது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடலாகாது என்றது. கடிபட்ட பிள்ளையின் தாயும் இந்நாட்டுக் குடியே. அவள் கண்ணீரை இகழ்பவன் நாய்க்கு நண்பன் அல்லன்.

7. சித்தூரிலும் திருப்பதியிலும் செய்யத்தக்கது

திருப்பதிக்கு நாள்தோறும் வருவோர் தொகை அளவற்றது. அவர்கள் விட்டுச் செல்லும் எச்சில் இலைகள் உள்ள இடங்களில் நாய்கள் கூடுகின்றன. சித்தூரில் சந்தையும் இறைச்சிக் கடைகளும் உள்ள இடங்களில் அங்ஙனமே. எனவே குப்பையை மூடி வைப்பதும் ஜீவகாருண்யத்தின் பகுதியே ஆகும்.

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. கற்ற மருத்துவரைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாதது, தெருவை அறிந்து மருத்துவரை அழைத்துச் செல்லும் கைகளே. எந்த நாய் எவ்வீட்டு வாயிலில் படுக்கும், எது குட்டி ஈன்றது, எது எவர் குரலுக்கு வாலாட்டி வரும் என்பதெல்லாம் குடியிருப்பில் வாழும் நமக்குத் தெரியும். சுருக்கு வீசினால் ஓடும் நாய், சோறிட்ட பாட்டி அழைத்தால் வரும். இவ்வறிவுக்குப் பணமதிப்பு இல்லை என எண்ணற்க. ஜெய்ப்பூரிலும் சென்னையிலும் தொண்டு நடந்தது இத்தகைய அறிவினால்தான்.

ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் எழுவர் கொண்ட ஒரு குழு அமைக்குமாறு வேண்டுகின்றோம். முதல் மாதம், தம் தெருவின் நாய்களை எண்ணி, ஆண், பெண், காதில் வெட்டு உண்டா இல்லையா என ஒரு நோட்டில் எழுதுக. இரண்டாம் மாதம், அந்த நோட்டுடன் நகராட்சி அலுவலகத்திற்குச் சென்று கருத்தடைக்கும் ஊசிக்கும் விண்ணப்பம் கொடுக்க. விதிப்படி இது உள்ளாட்சியின் கடமை. மூன்றாம் மாதம், பிள்ளைகளைக் கூட்டி, நாயைக் கல்லால் அடிக்காதிருக்கவும், கடிபட்டால் மறைக்காமல் சொல்லவும் கற்பிக்க. இதற்கு ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

அசோகர் காலத்தில் நம் நாடு அயலாரின் கருணையைப் பெற்றது. ராஜர்ஸ் அம்மையார் காலத்திலும் இந்நாடு பெற்றது. பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் முறை நம்முடையது. அதனை நம் தெருமுனையிலிருந்தே தொடங்குவோமாக.

பாட வினாக்கள்

1. காசி மன்னனின் ஆணையில் இருந்த இரண்டு அநீதிகள் யாவை?
2. அசோகரின் 2ஆம் பாறைக் கட்டளையில் கூறப்படும் அயல்நாடுகளைச் சொல்லுக.
3. நாய்களைக் கொல்வதனால் வெறிநோய் ஒழியாமைக்குக் காரணம் என்ன?
4. நிறுவியவர் மறைந்த பின்னும் ஓர் அறநிலையம் நிலைப்பது எதனால்?
5. உமது தெருவில் நாய்கள் எத்தனை? அவற்றுள் காதில் வெட்டு உள்ளவை எத்தனை? எண்ணி எழுதி அடுத்த கூட்டத்திற்குக் கொணர்க.